நிலம் தேடித் தந்த இருவர்



ஒரு சங்கத்தை நடத்துகிறவர் யார் என்று கேட்டால், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்களை எழுதிக் காட்டுவது நம் வழக்கம். ஆண்டு அறிக்கையின் முதற்பக்கத்தில் அப்பெயர்கள் அச்சாகியிருக்கும். ஆனால், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களை ஊருக்குள் உரிமையோடு நிற்கச் செய்யவேண்டும் என்பதற்காகவே தோன்றிய ஒரு சங்கத்தை நடத்துகிறவர்கள், நாள்தோறும் காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. சமூக நீதி என்னும் சொல்லை மேடையில் முழங்குவது ஒரு வேலை. அச்சொல்லை ஒரு பத்திரத்தில் எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்குவது மற்றொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்த இருவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். ஒருவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன்; மற்றவர் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள். இவ்விருவரும் 1981ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கத்திற்கு 'லாஃப்டி' என்று பெயர். உழுகிறவனுக்கே நிலம் உரியது என்பதே அப்பெயரின் உட்பொருள்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காவிரி கடலோடு கலக்கும் கீழ்த்தஞ்சைப் பகுதி, இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் நாடு. சோழ நாடு சோறுடைத்து என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். அந்தச் சோற்றை விளைவித்தவர்கள் யார்? குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களில் மிகப் பலர், ஒரு குழி நிலமும் சொந்தமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். வேலிக் கணக்கில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. பண்ணையாள் குடியிருந்த குடிசையின் அடிமனையும் பண்ணைக்கே சொந்தம். கூலி உயர்த்திக் கேட்டால் வயலில் வேலை போகும். அதே மூச்சில் குடியிருக்கும் இடமும் போகும். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு: ஒருவனுடைய கூலியும் கூரையும் ஒரே கையில் இருக்குமானால், அவன் பேரம் பேசுகிறான் என்று சொல்வது வெறும் சொல்லலங்காரமேயாகும்.

இந்நிலையை மாற்ற எவரும் முயலவில்லை என்று நினைத்துவிட வேண்டா. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் தஞ்சை விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த குரல் அவர்களுடையது. அந்தப் போராட்டங்களின் பின்னணியில்தான் 1952ஆம் ஆண்டு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 தர ஏக்கர் என்று அது வகுத்த எல்லை 1970இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சட்டம் வருவதற்கு முன்பே நிலம் பல பெயர்களில் பிரிந்து ஒளிந்துகொண்டது. வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரிலும் தருமத்தின் பெயரிலும் பட்டா எழுதப்பட்டது.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில் நடந்ததை நான் விவரித்துச் சொல்லப்போவதில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி, உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். முதல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார்கள். அடுத்த ஆண்டே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது; 1971இல் குடியிருப்பு மனைகளை அங்குக் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 44 உயிர்களுக்குப் பிறகு வந்த சட்டங்கள் இவை என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

அந்தச் செய்தி கேட்டுக் கீழ்த்தஞ்சைக்கு வந்து, அதையே தம் களமாக்கிக்கொண்டவர்கள்தாம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். இவர்கள் எத்தகையவர்கள்?

ஜெகந்நாதன் இராமநாதபுரம் பகுதியில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தவர். 1930ஆம் ஆண்டு, காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியேறியவர், சிறை கண்டவர். நாடு விடுதலை அடைந்த பின்னரே மணம் செய்துகொள்வது என்று உறுதி பூண்டிருந்தார். கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அய்யன்கோட்டையில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். இடுப்பொடியக் களத்தில் உழைக்கும் பெண்ணின் வாழ்வை இவர் நூலில் படித்து அறிந்தவரல்லர், அடுப்படியிலேயே கண்டவர். அத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண் மதுரைக்குச் சென்று பட்டம் பெறுவது அந்நாளில் அரிதினும் அரிது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவு இவருக்கு அப்போது கிடைத்தது. 1950ஆம் ஆண்டு இவ்விருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

இங்கு ஒன்றை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும். உடைமையுள்ள வீட்டிலிருந்து வந்தவர் ஒருவர். ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவர் ஒருவர். பிறருக்காக இரங்கிச் சங்கம் நடத்துகிறவர்கள் உண்டு. தமக்காகவே போராடிச் சங்கம் அமைக்கிறவர்களும் உண்டு. இவ்விரு வகையாரும் ஒரே வீட்டில், ஒரே பாயில் அமர்ந்து, சமமாக முடிவெடுத்தார்கள். மிராசுதாரின் திண்ணையில் அமர்ந்து அவருடைய மொழியிலேயே பேசக் கணவரால் முடிந்தது. சேரியின் முற்றத்தில் அமர்ந்து அங்குள்ள பெண்களின் மொழியிலேயே பேச மனைவியால் முடிந்தது. ஒருவரை விட்டு மற்றவர் மட்டும் நின்றிருந்தால் அந்த இயக்கம் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெண்மணிக்கு முன்பே இவர்கள் பூதான இயக்கத்தில் ஊறியவர்கள். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் ஊரில், நிலமற்றவர்கள் 80 ஏக்கர் கேட்டபோது, கூட்டத்திலிருந்த ஒரு நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். வினோபா பாவே அதிலிருந்து நடக்கத் தொடங்கினார். இலட்சக்கணக்கான ஏக்கர்கள் தானமாக அறிவிக்கப்பட்டன. ஜெகந்நாதன் தம்பதியரும் ஊர் ஊராக நடந்தார்கள். ஆனால் அறிவிக்கப்பட்ட நிலம் எல்லாம் ஏழையின் கைக்கு வந்து சேரவில்லை. கல்லும் கரடுமான நிலம், வழக்கில் சிக்கிய நிலம், வாயால் தந்து பத்திரத்தில் தராத நிலம் என்று அதில் பல வகை. தானத்தில் கொடுக்கிறவன் விரும்புவது கிடைக்குமேயன்றி, பெறுகிறவனுக்குத் தேவையானது கிடைப்பதில்லை. நல்ல நஞ்சை நிலத்தைத் தானமாகத் தருகிற கை எங்கும் அரிதே. பின்னர் பீகாரில் புத்தகயை மடத்தின் நிலங்கள் குறித்து நடந்த போராட்டத்திலும் இவர்கள் பங்குகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இல், ஜெகந்நாதன் சிறையில் அடைக்கப்பட்டார்.

இத்தனை ஆண்டு அனுபவத்திற்குப் பிறகுதான் 1981இல் லாஃப்டி பிறந்தது. அதன் முறையை நான் சற்று விளக்குகிறேன். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதனைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

கீழ்த்தஞ்சையில் நிலவுடைமையாளர் பலர் அக்காலத்தில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். தொலைவில் இருந்துகொண்டு சாகுபடி செய்வது ஆதாயமாக இல்லை. அவர்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தது. உழைப்பவர்களுக்கோ வாங்கும் ஆசை இருந்தது. இடையில் மூன்று மதில்கள் நின்றன. ஒன்று, கையில் பணமில்லை. ஈடு காட்டச் சொத்தில்லாதவனுக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். இரண்டு, முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் ஏழையின் ஓராண்டுக் கூலியை விழுங்கிவிடும். மூன்று, எல்லாவற்றிலும் பெரியது: அந்த வயலில் கைகட்டி நின்றவனுக்கே அந்த வயலை எழுதிக் கொடுப்பதா என்னும் சாதி மனம்.

லாஃப்டி இந்த மூன்று மதில்களையும் ஒவ்வொன்றாகத் தட்டியது. முதலில் ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பேசியது. விற்க இசையும் நிலக்கிழாரிடம் சென்று நியாயமான விலை பேசியது. வங்கியிடம் சென்று, இந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் விளைச்சலிலிருந்து கடனை அடைப்பார்கள் என்று தன் நாணயத்தை ஈடாக வைத்தது. அரசிடம் சென்று பதிவுக் கட்டணத்தில் விலக்குக் கேட்டுப் பெற்றது; தாழ்த்தப்பட்டோர் நலனுக்கான மானியங்கள் பின்னர் இதற்குத் துணையாயின. நிலம் கைக்கு வந்ததும், ஒரு குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற அளவில், தஞ்சைக் கணக்கில் ஏறத்தாழ மூன்று மா, பகிர்ந்தளித்தது. பத்திரம் எழுதியது யார் பெயரில்? குடும்பத்துப் பெண்ணின் பெயரில். நிலத்தை அடகு வைத்துக் குடித்துத் தீர்க்கும் கணவன்மார்களை அறிந்த ஒரு பெண்ணின் அறிவு இதில் தெரிகிறதன்றோ? பட்டா பெண்ணின் பெட்டியில் இருந்தால், அடுப்பில் உலை வைக்கும் உரிமையும் அவளிடமே இருக்கும்.

2008ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் அளவில் நிலம் இவ்வாறு மாறியிருந்தது. அவ்வாண்டு சுவீடனிலிருந்து வழங்கப்படும் 'வாழ்வுரிமை விருது' இத்தம்பதியருக்குக் கிடைத்தது. விருதைவிட, 13,000 என்னும் எண்ணையே நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஓர் ஏக்கருக்கு ஒரு பேச்சு, ஒரு விண்ணப்பம், ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து அல்லது கைந்நாட்டு. அவற்றை 13,000 முறை பொறுமையோடு செய்து முடிப்பதற்கு எத்தனை நாள் பதிவாளர் அலுவலகத்து வாசலில் காத்திருக்க வேண்டும்! தலைமை என்பதற்கு நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பொருள் எழுதப்படுவதில்லை.

வயலில் வேலையில்லாத மாதங்களுக்கு என்ன வழி என்பதையும் அவர்கள் எண்ணினார்கள். பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை ஆகியவற்றுக்குப் பயிற்சி அளித்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கூத்தூரில் அமைந்த அவர்களது ஆசிரமம் இவற்றுக்கெல்லாம் நடுக்களமாயிற்று.

இனி வேறொரு சோதனை. 1990களின் தொடக்கத்தில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பெரு முதலீட்டாளர்கள் நஞ்சை நிலத்தை நல்ல விலை கொடுத்து வாங்கி, கரை கட்டி, உப்புநீர் தேக்கினார்கள். அக்கம்பக்கத்து வயல்களில் உப்பு ஏறியது. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் பல கைகள் வேண்டும். இறால் குட்டையைக் காக்கச் சிலரே போதும். ஓர் ஏக்கர் நிலம் பெற்ற பெண்ணின் வயல் உப்பளமானால், அவள் கையிலுள்ள பட்டாவுக்கு என்ன மதிப்பு? நிலம் வாங்கித் தந்ததோடு வேலை முடிந்தது என்று இவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. ஊர்தோறும் அறப்போர் நடத்தினார்கள். பின்னர் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் அமைந்த இறால் பண்ணைகளை, மரபு முறையில் நடப்பவை நீங்கலாக, அடுத்த ஆண்டு மார்ச் இறுதிக்குள் அகற்ற வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிப்பவர்கள் இன்றும் ஜெகந்நாதன் வழக்கைப் படிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அத்தொழிலுக்கு மீண்டும் ஒரு வாயிலைத் திறந்தது. நீதிமன்றத்தில் வென்றதைச் சட்டமன்றத்தின் வாசலிலும் காவல் காக்க வேண்டியிருக்கிறது என்பதே இதனால் நாம் அறிவது.

இந்த இயக்கத்தின்மேல் கூறப்படும் ஒரு குறையையும் நான் மறைக்க விரும்பவில்லை. உச்சவரம்புச் சட்டத்தைச் சரியாக நிறைவேற்றியிருந்தால், விலையின்றியே உழுகிறவனுக்கு வந்திருக்க வேண்டிய நிலம் அல்லவா அது? தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணுக்கு அந்த மக்களே கடன் பட்டு விலை கொடுப்பது நீதியா? விவசாயத் தொழிலாளர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்பது இயல்பு. இது நியாயமான கேள்வி என்றே நான் கருதுகிறேன். கணக்குப்படி பார்த்தால், அந்த மக்கள் அந்த நிலத்தின் விலையைத் தம் வியர்வையால் பலமுறை செலுத்திவிட்டவர்கள்தாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாற்று நடும் பெண்ணுக்கு வாழ்வு ஒன்றுதான். நீதி முழுமையாக வரும்வரை அவள் காத்திருந்தால், அவளுடைய மகளும் அதே வரப்பில் நின்று காத்திருப்பாள். கூலி உயர்வுக்காகப் போராடிய சங்கங்கள் அவளை நிமிரச் செய்தன. அந்த நிமிர்வு இல்லையேல் நிலக்கிழார் விலை பேசவே இசைந்திருக்க மாட்டார். நிலத்தை வாங்கித் தந்த இயக்கம், நிமிர்ந்தவளுக்கு நிற்க ஓர் இடம் தந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை என்பது என் எண்ணம். நீங்கள் இதை ஏற்காமல் வாதிடலாம், வாதிட வேண்டும்.

மூன்று மா நிலத்தால் வறுமை முற்றும் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் குறுவை இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, தமிழ்நாட்டில் மிகுதியாக உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டமே. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் மீண்டும் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. இயற்கையின் சீற்றம் எல்லோருக்கும் பொது என்பார்கள். ஆனால் நிலமற்றவன் இழப்பீடு கேட்கும்போது, உன் பெயரில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்பார். காட்ட ஒரு பட்டா வைத்திருப்பவளுக்கும் இல்லாதவளுக்கும் உள்ள வேறுபாடு அந்த வரிசையில் தெரியும். சாதியும் ஒரு பத்திரத்தால் ஒழிந்துவிடாது. ஆயினும், நேற்றுவரை பெயரைச் சொல்லாமல் 'ஏ' என்று அழைக்கப்பட்ட பெண்ணின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு, அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவது சிறிய காரியமன்று.

ஜெகந்நாதன் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் மறைந்தார். கணவர் மறைந்த பின்னரும், எண்பத்தாறு வயதைக் கடந்திருந்த கிருஷ்ணம்மாள் வீட்டோடு ஓய்ந்துவிடவில்லை. குடிசைகளை மாற்றி ஓட்டு வீடுகளாகவும் கல் வீடுகளாகவும் கட்டித் தரவேண்டும் என்று அலைந்தார். அவருக்கு 1989இல் பத்மஸ்ரீ விருதும், 2020இல் பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டன.

மாணவ நண்பர்களே! இவர்களைப் போல் ஆகுங்கள் என்று சொல்லி நான் விடைபெறப்போவதில்லை. அப்படிச் சொல்வது எளிது, கேட்பதும் எளிது, மறப்பது அதைவிட எளிது. அதற்குப் பதிலாக ஒரு சிறு வேலை தருகிறேன். விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போகும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, சிட்டா என்றால் என்ன, அடங்கல் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றைப் படிக்கப் பழகுங்கள். உங்கள் ஊரில் நாற்று நடுகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நிலம் யார் யார் பெயரில் இருக்கிறது என்பதை மற்றொரு தாளில் எழுதுங்கள். இரண்டு தாள்களிலும் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது? அவற்றில் பெண்களின் பெயர் எத்தனை? எழுத்தறியாத பாட்டி ஒருத்திக்கு அவளுடைய பட்டாவை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவளிடம் பட்டா இல்லையானால், ஏன் இல்லை என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தொடங்கிய இடமும் அதுவே. அவர்களிடம் முதலில் பணமில்லை, கட்டடமில்லை, சங்கத்திற்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. சேரி முற்றத்தில் அமர்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நிலம் வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் அதை மறக்கவில்லை.